பூங்காவில் ஒரு கைப்பிடிக் கம்பி போடுங்க

எங்க ஊர்ப் பேரூராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

பூங்காவில் வைத்த உடற்பயிற்சிக் கருவிகள் நல்லாத்தான் இருக்கு, பிள்ளைகள் அதில் ஏறி ஆடுகிறார்கள். நான் கேட்பது வேறு.

போன பொங்கல் நோம்பிக்கு எங்க அம்மா வாசல் தெளிக்கப் போய் டைல்ஸில் வழுக்கி விழுந்தார். ஒடிந்த மணிக்கட்டு கூடிவிட்டது, பயம் போகவில்லை. நாங்களும் "சும்மா உக்காருங்கம்மா" என்றே சொல்லிச் சொல்லி, இருந்த கால் வலுவையும் போக்கிவிட்டோம். அது எங்க தப்பு.

அப்புறம் வந்த இயன்முறை மருத்துவர்தான் விளக்கினார். நாம் விழாமல் நிற்பது கால் வலுவால் மட்டும் இல்லையாம். கண், உள்காது, பாதத்திலும் மூட்டிலும் உள்ள உணர்ச்சி என மூன்றும் அனுப்புகிற சேதியை மூளை சேர்த்துப் பார்க்கிறது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் பெரும்பாலும் கண்ணை நம்பியே நடக்கிறார்கள், ராத்திரி கரண்டு போனால் அவ்வளவுதான். அதனால் ஒற்றைக்காலில் நிற்பது, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி அடிமேல் அடிவைப்பது, மெத்தை மேல் நின்று தலையைத் திருப்புவது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் கண்ணை மூடி நிற்பது எனப் பயிற்சி. "சோத்துப் போசியத் தலையில வெச்சு வரப்புல நடந்தவளுக்கு இதெல்லாம் சொல்லித் தர்றீங்களா?" என்று அம்மா கேட்டார். நியாயம்தானே, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்து வரப்பெல்லாம் இந்தப் பயிற்சிதான்!

பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பின்படி உடற்பயிற்சியால் முதியவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது, அதிலும் சமநிலைப் பயிற்சிக்குத்தான் வலுவான ஆதாரம். வெறும் நடைக்கு அப்படி ஆதாரம் கிடைக்கவில்லை. நாமோ பேவர் பிளாக் போட்டு நடைபாதை மட்டும் கட்டுகிறோம்.

கேட்பது கொஞ்சம்தான். பாதை ஓரத்தில் முப்பதடிக்கு இருபுறமும் கைப்பிடிக் கம்பி, நடுவில் மணல், புல், கூழாங்கல் என்று மாறும் தரை. (பாதம் மரத்தவர்கள் செருப்போடுதான் நடக்கணும், போர்டு வையுங்க.) 2021 முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறதே, அவர்களில் ஒருவரை வாரம் ஒரு நாள் பூங்காவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்க.

இப்போதைக்கு அம்மா ஊஞ்சல் கம்பத்தைப் பிடித்துத்தான் ஒற்றைக்காலில் நிற்கிறார். பிள்ளைகள் ஆட வந்தால் நகர்ந்துகொள்கிறார்.