ஓசோன் மெஷின் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எண்ணெய்ப் புகையும் தாளிப்பு நெடியும் மேல்வீட்டுக்குப் போகாமல் இருக்க, சமையலறை எக்ஸாஸ்ட் டக்ட்டில் ஓசோன் மெஷின் வைத்திருப்பவர்கள் உங்களில் பலர். வைத்துத் தரச் சொல்லி விலை கேட்டவர்களும் இருக்கிறீர்கள். ஃபேனோடு இணைக்காத ஓசோன் மெஷினை இனி நாங்கள் பொருத்தித் தரமாட்டோம். ஆள் புழங்கும் அறைக்குள் வைக்கும் மெஷினை விற்கவும் மாட்டோம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் உணவகத்தில் டக்ட் கழுவ எங்கள் ஊழியர் ஒருவர் போனார். ஃபேனை அணைத்துவிட்டார்கள். மெஷினுக்குத் தனி சுவிட்ச், அது ஓடிக்கொண்டே இருந்தது. டக்ட் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டியவர் அப்படியே பின்வாங்கிவிட்டார். கண்ணில் நீர், தொண்டையில் எரிச்சல். அன்று இரவு தங்குவிடுதியில் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இருமியிருக்கிறார். இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அந்த மெஷினைப் பொருத்தியது நாங்கள்தான். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். கதவைச் சுற்றியிருந்த ரப்பர், பித்தவெடிப்பு விழுந்த குதிகால் மாதிரி பிளந்து கிடந்தது. இயற்கை ரப்பரை ஓசோன் இப்படித்தான் தின்னும். நுரையீரலின் உள்தோல் ரப்பரைவிட மென்மையானது.

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. அந்த மூன்றாவது அணு ஒட்டி நிற்காது, கிடைத்ததோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். நெடியை அது அழிப்பதும் அப்படித்தான், மூச்சுக்குழாயைப் புண்ணாக்குவதும் அப்படித்தான். ஃபோட்டோஸ்டாட் மெஷின் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த வாசனை. அதை முகர்ந்துவிட்டு ‘காற்று சுத்தமாகிவிட்டது’ என்று பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வாசனை வருகிறது என்றால் ஓசோன் உங்கள் மூக்குவரை வந்துவிட்டது என்று பொருள். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகி வாசனை தெரியாமல் போகும், வாயு மட்டும் அங்கேயே இருக்கும்.

எவ்வளவு வரை தாங்கலாம்? அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் 8 மணி நேர வேலைக்குச் சராசரி 0.1 பிபிஎம்தான் வரம்பு. அதாவது ஒரு கோடிப் பங்கு காற்றில் ஒரே ஒரு பங்கு. ஏசிஜிஐஎச் என்ற தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பு இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது: இலேசான வேலைக்கு 0.10, நடுத்தர வேலைக்கு 0.08, கடும் வேலைக்கு 0.05. உடல் உழைக்க உழைக்க மூச்சு ஆழமாகும், உள்ளே போகும் ஓசோனும் கூடும் என்பதே காரணம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரியான அளவு, பரோட்டா மாவை அடித்துப் பிசைபவருக்குச் சரியாகாது. 5 பிபிஎம் என்பது உயிருக்கே உடனடி ஆபத்து என்று குறிக்கப்பட்ட அளவு. அதிக அளவில் சுவாசித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அது சில மணி நேரம் கழித்தும் தெரியவரும். ஆகவே ‘இப்போது ஒன்றுமில்லை’ என்று விட்டுவிட வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கும். 0.1 பிபிஎம் என்பது கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.2 மில்லிகிராம். ஆக, அறை முழுவதற்கும் 6 மில்லிகிராம் போதும், வரம்பு நிரம்பிவிடும். மணிக்கு 5 கிராம் என்று எழுதியிருக்கும் மெஷினுக்கு, காற்றோட்டம் இல்லாத மூடிய அறையில், அது ஐந்து நொடி வேலைகூட இல்லை.

ஃபேன் நின்றால் மெஷினும் தானாக நிற்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். காற்றின் ஓட்டத்தை உணரும் சுவிட்ச் ஒன்றை டக்ட்டுக்குள் வைத்து இரண்டையும் இணைத்துவிடுவோம். நாங்கள் முன்பு பொருத்திய மெஷின்களுக்கு இந்த வேலைக்குக் கூலி வாங்கமாட்டோம், சுவிட்ச் விலை மட்டும் கொடுத்தால் போதும். ஃபில்டரில் எண்ணெய் அடைத்திருந்தால் ஃபேன் சுற்றியும் இழுப்பு இருக்காது, ஓசோன் அடுப்புக்கு மேலிருக்கும் ஹூட் வழியாகவே திரும்பி வரும். அதனால் ஃபில்டர் கழுவும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். மின்சாரத்தால் புகைத் துகளைத் தகட்டில் பிடிக்கும் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் ‘பட் பட்’ என்று பொறி தெறிக்கும் சத்தம் கேட்டால் அன்றே கூப்பிடுங்கள். அழுக்கேறிய தகடு அப்படித்தான் சத்தம் போடும், கூடவே ஓசோனும் விடும்.

எலுமிச்சை வாசனை போட்ட தரை கழுவும் திரவம் பயன்படுத்தும் கடைகளுக்கு ஒரு வார்த்தை. அந்த வாசனைப் பொருளோடு ஓசோன் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். மெஷின் இருக்கும் இடத்தில் வாசனை இல்லாத திரவமே நல்லது.

துவாஸ் பக்கம் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களே, அலுமினியம் வெல்டிங் செய்யும்போது மெஷின் எதுவும் இல்லாமலேயே ஓசோன் உண்டாகும். சாதாரண முகக்கவசமோ என்95-ஓ வாயுவைத் தடுக்காது. புகை உறிஞ்சும் குழாயை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே நகர்த்தி வையுங்கள்.

உங்கள் ஊழியர்களில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அந்தக் கடையை முதலில் வந்து பார்க்கிறோம். யாருக்காவது நெஞ்சு இறுகி மூச்சு வாங்கினால் மெஷினை அணைத்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிடுங்கள். எங்களுக்கு அப்புறம் சொல்லலாம்.

ஓசோன் அளக்கும் மீட்டரோடு ஒவ்வொரு கடையாக வருகிறோம். அடுப்பெல்லாம் எரியும் நேரத்தில், சமையல்காரர் நிற்கும் இடத்தில், அவர் மூக்கு உயரத்தில் அளந்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும். தீபாவளிப் பலகார வேலை தொடங்கிவிட்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது. அதற்கு முன்பே ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எக்ஸாஸ்ட், டக்ட் வேலைக்காரர்கள்
காக்கி புக்கிட், சிங்கப்பூர்