ஐந்தாம் தரத்தோடு அறிவு முடிந்துவிடுகிறதா?

ஆசிரியர் அவர்கட்கு,

புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த மறுநாள் எங்கள் ஒழுங்கையில் இரண்டு பதாகைகள் கட்டப்பட்டன. வெட்டுப்புள்ளியை நான்கு புள்ளிகளால் தவறவிட்ட அயல்வீட்டுச் சிறுவன், அவற்றைக் கடந்து கடைக்குப் போகவும் மனமின்றி வீட்டுக்குள்ளேயே இருந்தான். "அவனுக்கு மூளை அவ்வளவுதான், சேர்" என்று அவனுடைய தாயே என்னிடம் சொன்னார். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த எனக்கு அந்த 'அவ்வளவுதான்' உறுத்திக்கொண்டே இருப்பதால் இதனை எழுதுகிறேன்.

பிள்ளைகளின் அறிவை அளப்பதற்கு இன்றைய நுண்ணறிவுச் சோதனைகளின் முன்னோடியான அளவுகோலை 1905ஆம் ஆண்டு தியோடோர் சிமோனுடன் சேர்ந்து உருவாக்கியவர், பிரான்ஸ் நாட்டு உளவியலாளர் அல்பிரட் பினே. படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு அவர்களுக்கு மேலதிக உதவி கிடைக்கச் செய்வதற்கே அவர் அதனை அமைத்தார். ஒருவருடைய அறிவு கூட்டவே முடியாத நிலையான அளவு என்று வாதித்தவர்களை 1909இல் அவர் கடுமையாக மறுத்து எழுதினார். ஆயினும் அமெரிக்காவுக்குச் சென்ற அவ்வளவுகோல், அவர் மறுத்த அதே எண்ணத்துக்கே அங்கு துணைபோயிற்று.

லண்டன் நகரில் வாடகைக்கார் ஓட்ட விரும்புவோர் ஏறத்தாழ 25,000 வீதிகளை மனத்தில் பதித்துத் தேர்வில் தேற வேண்டும். அவ்வாறு பயின்ற 79 பேரின் மூளைகளைப் படமெடுத்து ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, தொடக்கத்தில் அவர்களிடையே வேறுபாடு காணப்படவில்லை; சில ஆண்டுகளின் பின் தேர்வில் தேறிய 39 பேரிடத்தில் மட்டும், இடநினைவுக்குரிய ஹிப்போகம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. அவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். நம் கரையில், நீரின் நிறம் மாறுவதைக் கொண்டே மீன்கூட்டம் வருவதை அறிந்து கரைவலை வளைக்கச் சொல்லும் முதியவர்களும் அந்தக் கண்ணைப் பத்து வயதிலா பெற்றார்கள்?

இதற்கிடையில், மனிதன் தன் மூளையில் 10 சதவீதத்தையே பயன்படுத்துகிறான் என்றும் மீதியைத் தாம் திறந்துவிடுவதாகவும் கூறும் துண்டுப்பிரசுரமொன்று என் வீட்டுப் படலையில் செருகப்பட்டிருந்தது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமேயான மூளை, உடல் செலவிடும் சக்தியில் ஐந்திலொரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு எந்த உடலும் இவ்வளவு சோறு போடாது.

வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இப்பரீட்சையால் கிடைக்கும் உதவிப்பணத்தின் அருமை எனக்குத் தெரியும். பரீட்சையையே நீக்குமாறு நான் கேட்கவில்லை. கேட்பது தங்கள் பத்திரிகையிடம்தான். மாவட்ட முதலிடங்களைப் பெற்ற பிள்ளைகளின் புகைப்படங்களைப் புள்ளிகளோடு பக்கம் நிறைய வெளியிடும் வழக்கத்தை அடுத்த ஆண்டிலாவது நிறுத்தி, அவ்விடத்தில் பிள்ளைகளின் நித்திரை, விளையாட்டு, வாசிப்பு ஆகியவை கற்றலுக்கு எவ்வாறு உதவுகின்றன என்பதை அறிந்தவர்களைக்கொண்டு எழுதச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.