ஓட்டமில்லாத மாதங்களில் உடன் நின்றவர்களுக்கு

அன்பிற்குரிய பெரியோர்களுக்கும் தொழில் நண்பர்களுக்கும் வணக்கம்.

கோவை கணபதியில் நான் தொடங்கிய கடைசல் பட்டறை, பம்ப் நிறுவனங்களுக்கு சாஃப்ட் (சுழலும் தண்டு), புஷ் (தண்டு சுழலும் உருளை வளையம்) போன்ற உதிரிபாகங்களைக் கடைந்து தருகிறது. இன்று அது தன் செலவைத் தானே தாங்கும் நிலைக்கு வந்திருக்கிறது. தொடக்க மாதங்களில் அது நின்றுபோகாமல் காத்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும், அவர்கள் செய்தது எத்தகைய உதவி என்பதை ஊரறியச் சொல்ல விரும்பி இம்மடலை எழுதுகிறேன்.

பட்டறை திறந்த பருவமே மந்தமான பருவம். கோடையில் கிணறுகள் வற்றும்போதுதான் பம்புக்குக் கிராக்கி ஏறும். மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைக்கும்போது, வெளியே தரும் ஜாப் ஒர்க்தான் முதலில் நிற்கும். அதிலும், 1937இல் பீளமேட்டில் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய காலந்தொட்டே இந்த ஊரில் கைதேர்ந்த கடைசல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. புதியவனை நம்பிச் சரக்கைக் கொடுத்து, அளவு தவறி அத்தனையும் வீணானால் நட்டம் கொடுத்தவருக்கே என்பதால், அவர்கள் தயங்கியதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு மாலைவரை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது, இரவு ஷிப்டைக் காட்டிலும் ஆளைக் களைக்கச் செய்கிறது.

அந்த நாட்களில் ஆறுதல் சொன்ன அனைவருக்கும் நன்றி. எனினும் மறுநாளும் என்னை ஷட்டரைத் தூக்க வைத்தவர்கள், வேலை வராதபோதும் என்னை வேலை நடக்கும் பட்டறைக்காரனாகவே நடத்திய சிலர்தாம்.

அவர்களில் முதல்வர், ஐ.டி.ஐ.யில் எனக்குக் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். "ஆர்டர் வந்தாத்தான் மிசினை ஓட்டுவேன்னு உக்காராதே கண்ணு, கை மறந்துரும்" என்று சொல்லி, பழைய இரும்புக் கடையில் துண்டுக் கம்பிகளை வாங்கிவரச் செய்தார். சாஃப்டில் பேரிங் அமரும் இடம் சற்றுத் தளர்ந்தால் பேரிங் வழுக்கிச் சுழலும், சற்று இறுகினால் சூடேறிக் கெடும். ஆகவே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அத்துண்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கடையச் சொன்னார். ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் எழுத வைத்தார். தேறிய துண்டுகளையும் அளவுத்தாளையும் எடுத்துக்கொண்டு நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகளுக்குச் சென்றபோது, என் பேச்சைக் கேட்க நேரமில்லாதவர்களும் அந்தத் துண்டுகளை வாங்கி அளந்து பார்த்தார்கள். மாசியில் வந்த முதல் நிலையான ஆர்டர் அவ்வாறு வந்ததே. ஐயா, அதற்கு முன்பே, ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றைச் செய்து முடித்தேன் என்ற நிறைவோடு என்னை வீட்டுக்கு அனுப்பினீர்களே, அதற்கே என் முதல் நன்றி.

எங்கள் சந்தில் ஒரு பட்டறையில் கடைந்த சாஃப்ட் அடுத்ததில் மில்லிங்குக்கும், அதற்கடுத்ததில் கீவே என்னும் பள்ளம் வெட்டவும் போகும். ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்கும். இதை நன்கறிந்த பக்கத்துப் பட்டறை அண்ணன், தமக்கு மிஞ்சிய வேலையை எனக்குத் தள்ளிவிட்டார். இரக்கப்பட்டுத் தருவதாக அவர் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. ஒவ்வொரு துண்டையும் தாமே அளந்தார், முறையான பில் கேட்டார், சனிக்கிழமை கூலி நாளில் என் பணத்தையும் சேர்த்தே எடுத்துவைத்தார். டூல்ஸ் கடைக்காரரோ, பத்துப் பத்தாகப் பெட்டியில் வரும், இரும்பைச் சீவும் கார்பைடு டிப்புகளைப் பிரித்து ஒன்றிரண்டாகக் கடனுக்குத் தந்தார்.

உண்மையை எடுத்துச் சொன்ன இருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடன் கேட்டுச் சென்றபோது, மானியத் தொகை கைக்கு வராது, அது மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருக்கும், அதை எண்ணிச் செலவுத் திட்டம் போடக் கூடாது என்று வங்கி அலுவலர் பொறுமையாக விளக்கினார். ஒரு நிறுவனம் பில் தொகையை மாதக்கணக்கில் இழுத்தபோது, உத்யம் என்னும் அரசுப் பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதை எங்கள் ஆடிட்டர் எடுத்துக்காட்டி, பணிவான ஒரு கடிதமும் எழுதித் தந்தார். தொகை வந்தது; அந்த நிறுவனத்துடன் உறவும் கெடவில்லை.

அன்னூர்ப் பக்கம் மாடு வளர்க்கும் என் அம்மா, சங்கத்தில் ஊற்றிய பால் பணத்தில் எங்கள் மளிகைச் செலவைப் பார்த்துக்கொண்டார். இதை எழுதக்கூடாது என்று சொன்னார். அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி மாலைதோறும் "இன்னிக்கு என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்பாரே தவிர, எவ்வளவு வந்தது என்று கேட்டதே இல்லை. அக்கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே, வேலை வராத நாளிலும் மிசினைத் துடைத்து எண்ணெயிட்டேன், கத்தி தீட்டினேன், மேலும் ஒரு நிறுவனத்தின் வாசலுக்குப் போய்வந்தேன்.

எங்கள் சந்தில் ஒரு தம்பி அண்மையில் புதிதாகப் பட்டறை திறந்திருக்கிறார். எனக்கு மிஞ்சும் வேலையை அவருக்குத் தரத் தொடங்கியிருக்கிறேன். அவர் கடைந்த துண்டுகளை நானே அளந்தும் பார்த்திருக்கிறேன். இம்மடலைப் படிக்கும் கொள்முதல் பிரிவு நண்பர்கள், ஆர்டர் தர இயலாவிட்டாலும், அவரிடமிருந்து மாதிரித் துண்டுகளையாவது வாங்கி அளந்து பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
கடைசல் பட்டறை நடத்துநர்,
கணபதி, கோவை.