பழவேற்காடு ஏரிக்கும் ஒரு கூண்டு வேண்டும்

திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மீன்வளத் துறை, சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னாலே எங்கள் ராயபுரம் பக்கம் எழுகிற முதல் கேள்வி, "எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?" என்பதுதான். துறைமுகத்தில் ஏற்றுகிற 1 முதல் 11 வரை உள்ள புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் எது எவ்வளவு மோசம் என்று டீக்கடையில் நிற்கிறவருக்கும் ஓரளவு தெரியும். கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத் துறை அறிவித்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டியே கிடக்கும். முணுமுணுப்பு இருக்கும், நஷ்டமும் இருக்கும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல ஒருவர் இருக்கிறார், அவருக்கு அந்த மீனில் பங்கு கிடையாது.

அதே காற்றுதான் பழவேற்காடு ஏரி மேலும் அடிக்கிறது. அங்கே வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? வானிலை அறிக்கை கடலைப் பற்றிப் பேசும், மீனவர்களைப் பார்த்துப் பேசும். ஏரியில் படகு ஏற வருகிறவரோ மீனவர் இல்லை. பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் பிடித்து, பூநாரை பார்க்கக் குழந்தைகளோடு வந்தவர். "கடலுக்குத்தானே சொன்னாங்க, இது ஏரிதானே" என்கிற தைரியம் அவருக்கு.

இந்த ஏரி அப்படிப்பட்ட ஏரி இல்லை. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தடுத்து நிற்கிறது. பழவேற்காடு ஊர் தென்முனையில். இவ்வளவு பரப்புக்கும் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டர்தான் ஆளை ஏமாற்றுகிறது. இடுப்பளவுத் தண்ணீர், கவிழ்ந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அடியில் இருப்பது சேறு, கால் வைத்தால் வாங்கும். முகத்துவாரத்தை நெருங்கினால் ஓடைபோல ஆழம் இறங்குகிறது, இழுப்பும் அதிகம். கவிழ்ந்த படகுக்கு அடியில் புடவையும் பையும் குழந்தையுமாக மாட்டிக்கொண்டவருக்கு ஆழத்தைக் கணக்குப் போட நேரம் ஏது?

ஆழம் குறைவு என்பதாலேயே அலையின் குணமும் மாறிவிடுகிறது. கடலில் அலை நீளமாக வரும், படகு ஏறி இறங்க நேரம் கிடைக்கும். ஆழமில்லாத ஏரியில் காற்று கிளப்புகிற அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்றாக வரும். முதல் அலையில் தூக்கிய அணியம், அதாவது படகின் முன்பக்கம், இறங்குவதற்குள் அடுத்தது வந்து அறையும். பக்கவாட்டில் வாங்கினால் தண்ணீர் உள்ளேதான். உள்ளே வந்த தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், பயந்த ஜனங்களும் அதே பக்கம் சாய்வார்கள்.

இன்னொன்று, போகும்போது காற்றே தெரியாது. முதுகில் தள்ளுகிற காற்றில் படகு சுகமாகப் போகும், செல்ஃபி நன்றாக வரும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும்போதுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று உறைக்கும். முகத்துவாரத்தில் இது இரண்டு மடங்கு. வற்றும் நேரத்தில் ஏரித் தண்ணீர் கடலுக்குள் பாய, கடல் அலை எதிரே வர, இரண்டும் மோதுகிற இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். சென்னைக்காரர்கள் அதிகம் ஆசைப்படுவது அந்த இடத்துக்குத்தான்: "கடலும் ஏரியும் சேர்ற இடத்தைக் காட்டுங்க."

பருவமும் வசமாக வந்து அமைகிறது. பறவைகள் வருகிற மாதங்களும் வாடைக்காற்று அடிக்கிற மாதங்களும் பாதிக்குமேல் ஒன்றே. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, காணும் பொங்கல் என்று விடுமுறைகளும் அப்போதுதான்.

2011-க்கு முந்தைய ஒரு மார்கழியில் உறவுக்காரர்களோடு அந்த ஏரியில் போயிருக்கிறேன். காலையில் கண்ணாடிபோல இருந்த தண்ணீர், திரும்பும் நேரத்தில் முழுக்க வெள்ளை நுரை. படகோட்டி பெரியவர் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார், அணியத்தை அலைக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார், "எல்லாரும் பலகையை விட்டுக் கீழே உக்காருங்க, யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று ஒரே அதட்டல். என் சித்தி சாமி பேரைச் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் ஏறிய துறையை நோக்கிப் போகாமல் பக்கத்தில் இருந்த கரையில் ஒதுக்கி, காற்று தணியும்வரை உட்கார வைத்தார். எங்களுக்கு அன்று வாய்த்தது அவருடைய கைத்திறமை. லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூடப் படகில் இல்லை.

பிறகு, 2011 டிசம்பர் 25-இல், அதே ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடையை நான் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் தடைக்குப் பிறகும் சவாரி நடப்பதாகச் செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன. மறைத்துப் போகிற படகில் ஆள் கணக்கு இருக்காது, ஜாக்கெட் இருக்காது, துறையை விட்டு ஒதுக்குப்புறத்தில் ஏற்றுவார்கள், அவசரமாகத் திரும்புவார்கள். தடை என்பது வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதால், எந்த நாள் நல்ல நாள், எந்த நாள் மோசமான நாள் என்கிற பேச்சே அதில் இல்லை. காற்றைப் பற்றி முடிவெடுக்கிற வேலை, மறுபடியும் டிக்கெட் காசு வாங்குகிறவர் தலையிலேயே விழுகிறது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வலையில் ஒன்றும் விழாத வாரத்தில், கையில் நோட்டோடு எட்டுப் பேர் நின்றால் யார் வானத்தைப் பார்ப்பார்கள்?

தடையை நீக்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நீக்கினால், நிறுத்துகிற அதிகாரம் அந்தச் சவாரியில் காசு பார்க்காத ஒருவரிடம் இருக்க வேண்டும். நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். ஜாக்கெட், ஆள் வரம்பு, படகுச் சோதனை எல்லாம் 2017-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட படகுப் பாதுகாப்பு வழிகாட்டுதலிலும், 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்திலும் தேடினால் கிடைக்கும். அதைத் திருப்பிச் சொல்லி உங்கள் நேரத்தை வாங்கவில்லை.

காற்றுக்கான வரம்பை மட்டும் கடலிலிருந்து கடன் வாங்க வேண்டாம். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் பெரும்பாலும் நாம் கேட்பது மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர், இடையிடையே 55 என்பதுதான். தண்ணீரில் வெள்ளை நுரை அடிக்கடி தெரிய ஆரம்பிப்பதோ மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டியதுமே. ஆள் ஏற்றிய சிறு படகுக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள காற்றே போதும், கவிழ்த்துவிடும். அந்த நாளில் கடலுக்கு எச்சரிக்கையும் இருக்காது, கூண்டும் ஏறாது. ஏரிக்கென்று ஒரு காற்றுமானி, ஏரிக்கென்று ஒரு எண் வேண்டும். அந்த எண் என்ன என்பதை வானிலை ஆய்வு மையமும் ஏரியிலேயே தொழில் செய்கிற பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.

நிறுத்தினால் படகோட்டி பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று பல தலைமுறையாக இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு. வெளியே இருந்து யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சவாரியையும் அப்படி முறைக்கு விட்டு, வருமானத்தைப் பொதுவில் சேர்த்துப் பிரித்தால், காற்றடித்த நாளில் நஷ்டம் ஒரு ஆள் மேல் விழாது. துணிந்து போகிறவருக்கு லாபமும் இருக்காது. என்னைக் கேட்டால், அபராதத்தைவிட இது நன்றாக வேலை செய்யும்.

அப்புறம், சிவப்புக் கொடிக்கு இடம் தேடும்போது படகுத்துறையில் மட்டும் நட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே வந்து நிற்கிறவர் பாதி நாளைச் செலவழித்து, குழந்தைக்கு வாக்குக் கொடுத்து, நண்டுச் சாப்பாட்டுக்கும் சொல்லிவைத்துவிட்டு வந்திருப்பார், அவர் திரும்ப மாட்டார். பொன்னேரி பேருந்து நிலையத்திலும் ரயில் நிலைய வாசலிலும் காலை ஏழு மணிக்கே ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள்: இன்று ஏரியில் படகு இல்லை, டச்சுக் கல்லறையும் கலங்கரை விளக்கமும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து ஒரு வாசகன்