குழந்தைகள் பட்டியலில் ஒரு போர்ப் படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், விடுமுறையில் குழந்தைகளோடு பார்க்க வேண்டிய அனிமேஷன் படங்கள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. ஓரமெல்லாம் பலூன் வரைந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதில் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படமும் இருக்கிறது. அண்ணன் தங்கை பாசத்தைச் சொல்லும் ஜப்பானியப் படம், சிறுவர்கள் குதூகலிப்பார்கள் என்ற பொருளில் கீழே ஒரு வரி. ஆண்டு 1998 என்று அச்சாகியிருந்தது. படம் வெளியானது 1988இல். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவள் நான், ஆகவே எண்ணில் உள்ள பிழைதான் முதலில் கண்ணில் பட்டது. எண் பிழையை மன்னித்துவிடலாம். குதூகலிப்பார்கள் என்று எழுதியவர் படத்தைப் பார்க்கவே இல்லை. அதை எப்படி மன்னிப்பது?

படம் தொடங்கியதுமே அந்த அண்ணன் இறந்துவிடுகிறான். ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடி, பட்டினியால், போவோர் வருவோர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக. துப்புரவுப் பணியாளர் ஒருவர் அவனிடமிருந்த மிட்டாய் டப்பாவை எடுத்து வெளியே இருட்டில் வீசுகிறார். தகர டப்பா திறந்துகொள்ள, உள்ளேயிருந்து சிறு எலும்புத் துண்டுகள் விழுகின்றன. அவை தங்கையுடையவை. மிச்சப் படம் முழுவதும் அந்த டப்பா எப்படிக் காலியாயிற்று என்பதைத்தான் சொல்கிறது. மிட்டாய் தீர்ந்தபின் அண்ணன் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தருகிறான். நான்கு வயதுக் குழந்தை அதைக் குடித்துவிட்டு எல்லாச் சுவையும் இருக்கிறது என்கிறாள். பின்னால் பசி மயக்கத்தில் விளையாட்டுக் கண்ணாடிச் சில்லை மிட்டாய் என்று சப்புகிறாள். மண்ணை உருட்டி, சோற்று உருண்டை என்று அண்ணனுக்கு நீட்டுகிறாள். 1945இல் கோபே நகரத்தின்மீது நடந்த குண்டுவீச்சை ஒட்டிய கதை இது. மூலச் சிறுகதையை எழுதிய அகியுகி நொசாகா, தம் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். படத்தை இயக்கிய இசாவோ தகாஹாதா, சிறுவனாக இருந்தபோது ஒகயாமாவில் குண்டுவீச்சுக்குத் தப்பியவர். இவர்கள் இருவரும் சேர்ந்து கொடுத்ததைப் பலூன்களுக்கு நடுவே வைத்துவிட்டீர்கள்.

இதை எழுதக் காரணம் என் பேத்தி. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பட்டியலைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, இதைத்தான் இன்றைக்குப் பார்க்கவேண்டும் என்று நின்றாள். நான் முன்பே பார்த்த படம் என்பதால் தடுத்துவிட்டேன். வேறொரு வீட்டில் தடுக்க ஆள் இருந்திருக்காது. அதற்குப் பதிலாக அவளுக்குப் போட்டுக் கொடுத்தது 'மை நெய்பர் டோட்டோரோ'. ஹயாவோ மியாசாகியின் இந்தப் படமும் அந்தப் படமும் ஒரே ஸ்டூடியோவிலிருந்து, ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் பார்க்கும் ஜோடிப் படங்களாக வெளிவந்தவை. அன்றைக்குத் திரையரங்கில் எதை முதலில் போட்டார்களோ, எந்த மனநிலையோடு குழந்தைகள் வீட்டுக்குப் போனார்களோ! டோட்டோரோவில் மழையில் பேருந்துக்காக அக்காவும் தங்கையும் காத்திருக்கும் காட்சியைப் பேத்தி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தில் வந்து நிற்கும் அந்தப் பெரிய உருவத்துக்கு அக்கா குடையைக் கொடுக்கிறாள். மரக்கிளையிலிருந்து நீர்த்துளிகள் குடைமேல் விழும் சத்தம் அதற்குப் பிடித்துப்போய், ஒரு குதி குதித்து மொத்த மரத்தையும் உலுக்குகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. கெட்டவன் யாரும் துரத்தவில்லை.

அந்தத் துளிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளாகக் காது மந்தம். கருவி வைத்திருக்கிறேன், அது பேச்சைவிட இரைச்சலைத்தான் நன்றாகக் கொண்டுவருகிறது. ஆகவே எந்த மொழிப் படமானாலும் சப்டைட்டிலோடு, பெரும்பாலும் கண்ணால் மட்டும் பார்க்கிறேன். இப்படிப் பார்க்கத் தொடங்கியபிறகு படங்களைப் பற்றிய என் கணக்கே மாறிவிட்டது. வசனத்தை நீக்கிவிட்டால் பல புதுப் படங்களில் ஒருவர் வாயசைப்பதும் இன்னொருவர் தலையாட்டுவதும்தான் மிஞ்சுகின்றன. மிஞ்சி நிற்பவை பழைய படங்களும் நல்ல அனிமேஷன் படங்களும்.

'சிட்டி லைட்ஸ்' 1931இல் வந்தது. பேசும் படங்கள் வந்து நிலைத்துவிட்ட காலத்தில் சாப்ளின் பிடிவாதமாக வசனமில்லாமல் எடுத்தார். பூ விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. சாப்ளின் நடிக்கும் நாடோடியை அவள் பணக்காரன் என்று எண்ண வேண்டும். அதற்கு என்ன செய்கிறார் பாருங்கள். போலீஸ்காரர் கண்ணில் படாமலிருக்க, நின்றிருக்கும் காரின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறான் நாடோடி. கார்க் கதவு சாத்தும் ஓசையைக் கேட்டு அவள் பூவை நீட்டுகிறாள். சற்று நேரத்தில் காரின் உண்மையான சொந்தக்காரர் ஏறிப் போய்விட, சில்லறைகூட வாங்காமல் அவர் போய்விட்டார் என்று அவள் நினைக்கிறாள். அவன் சத்தம் காட்டாமல் அங்கேயே நிற்கிறான். முழுக் கதையும் ஓர் ஓசையில் தொங்குகிறது. அந்த ஓசையை நாம் கண்ணால் கேட்கிறோம். இந்தச் சந்திப்பைச் சரியாக எடுப்பதற்குள் முந்நூறு தடவைக்கு மேல் படம்பிடித்தார் என்பார்கள். வீண்போகவில்லை. காது நன்றாக இருந்த நாளில் இதே படத்தை எவ்வளவோ தடவை பார்த்திருக்கிறேன், அந்தக் கதவை இத்தனை கவனித்ததில்லை.

புதியதில் 'ஃப்ளோ'. லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கி 2024இல் வந்தது; அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்று, அந்த நாட்டுக்கு முதல் ஆஸ்கரைக் கொண்டுபோனது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தார்களாம். வெள்ளம் சூழ்ந்த உலகத்தில் ஒரு பூனை, ஒரு நாய், குரங்குபோன்ற ஒரு லெமூர், கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு ஒன்று, ஒரு பெரிய பறவை, எல்லாம் ஒரு படகில். ஒன்றுகூட மனிதரைப்போல் பேசாது. விலங்குகளின் உண்மையான குரல்களையே சேர்த்திருக்கிறார்கள். கேப்பிபாராவுக்கு ஒட்டகக் குட்டியின் குரல் என்று படித்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த லெமூர் பளபளக்கும் சாமான்களைக் கூடையில் சேர்த்துவைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று காப்பதும், தண்ணீருக்கு அஞ்சி நடுங்கிய பூனை பின்னால் தானே முங்கி மீன் பிடித்துவந்து மற்றவற்றுக்குப் போடுவதும் வாய்திறந்து விளக்கப்படாத விஷயங்கள். குறையும் உண்டு. தண்ணீரைத் தத்ரூபமாகக் காட்டியவர்கள் விலங்குகளின் ரோமத்தை மழுப்பிவிட்டார்கள். அருகில் வரும்போது நாய் களிமண் பொம்மைபோல இருக்கிறது. பத்தாவது நிமிடத்தில் அது மறந்துபோகிறது.

இனி பட்டியலின் மறுபாதிக்கு வருகிறேன். அதே பக்கத்தின் அடியில் "தாத்தா பாட்டிக்கு" என்று தனியே ஒரு கட்டம் கட்டி, கறுப்பு வெள்ளைப் படங்களை அதில் ஒதுக்கியிருந்தீர்கள். அதில் ஒன்று '12 ஆங்க்ரி மென்'. பேத்தி என் தோளில் சாய்ந்தபடி ஐந்து நிமிடம் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவள் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரே அறை, ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல அமர்ந்த பன்னிரண்டு நடுவர்கள், வியர்வை. ஒரு பையன் கொலைக்குப் பயன்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கத்தி மேஜையில் குத்தி நிற்கிறது. அபூர்வமான கத்தி, வேறொன்று கிடைக்காது என்று எல்லோரும் வாதிடும்போது, எட்டாம் நடுவர் தன் பையிலிருந்து அதேபோல் ஒன்றை எடுத்துப் பக்கத்திலேயே குத்துகிறார். பேத்தி துள்ளிவிட்டாள். சிட்னி லூமெட்டின் முதல் படம் இது, 1957. தொடக்கத்தில் காமிரா கண்மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கிறது. போகப் போகக் கீழிறங்குகிறது, லென்ஸையும் மாற்றிக்கொண்டே வருகிறார்கள், சுவர்கள் நெருங்கி வருவதுபோலத் தோன்ற. "பாட்டி, அந்த அறை சின்னதாகிக்கொண்டே வருகிறதா?" என்று அவளாகவே கேட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவளைத்தான் தங்கள் பக்கம் கட்டத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

எல்லாப் பழைய படத்தையும் பிள்ளைகளுக்குப் போட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 'டோக்கியோ ஸ்டோரி'யில் அவள் அரைமணி நேரத்தில் தூங்கிவிட்டாள், நியாயம்தான். 1953இல் யசுஜிரோ ஓசு எடுத்த அந்தப் படத்தில், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் கிழவி, பேரனைப் புல்மேட்டுக்கு அழைத்துப்போய், பெரியவனானதும் என்ன ஆவாய் என்று கேட்கிறாள். பையன் பதில் சொல்லாமல் புல்லைப் பிடுங்குகிறான். நீ ஆளாகும்போது நான் இருப்பேனோ என்னவோ என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். தூங்கும் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். கிழவராக வரும் சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை என்பதை நம்பமுடியாது. அந்த நடை, அந்த விசிறி, அந்த "அப்படியா" என்ற தலையசைப்பு!

தங்கள் இதழில் பழைய தமிழ்ப் படம் என்றாலே பாட்டுகளின் முதல் வரிகளை அடுக்கி நினைவலை எழுதிவிடுகிறார்கள். பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் 1954இல் எடுத்த 'அந்த நாள்' பற்றி என்ன எழுதுவார்களோ தெரியவில்லை.

பட்டியலில் இன்னொரு படமான 'அப்', வீடு பலூனில் பறக்கும் படம் என்ற அளவில் நின்றுவிட்டது. படத்தின் முற்பகுதியில் ஒரு தம்பதியின் வாழ்க்கை சில நிமிடங்களில் ஒரு சொல் பேசாமல் போகிறது. பயணத்துக்காகக் காசு சேர்க்கும் ஜாடியை, டயர் வெடித்ததற்கும் கால் உடைந்ததற்கும் கூரை மேல் மரம் விழுந்ததற்கும் உடைத்து உடைத்து எடுக்கிறார்கள். மனைவி கணவனுக்கு டை கட்டிவிடுகிறாள். டை மாறிக்கொண்டே இருக்க, ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. குழந்தை அறைக்குச் சாயம் பூசுகிறார்கள். அடுத்து மருத்துவரின் அறை, அவள் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். இவை எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்தவை. நடிகர் காமிரா முன் நின்றால் காற்று தானாகவே தலைமுடியைக் கலைக்கும். அனிமேஷனில் ஒருவர் முடிவெடுக்காமல் ஒரு மயிரும் அசையாது. இவ்வளவு உழைப்பை வயது வாரியாகக் கூறுபோடுபவர், படத்தைப் பார்க்கவாவது வேண்டாமா?

கேட்பது அதிகமில்லை. சினிமா பக்கத்தில் அனிமேஷன் படங்களுக்கும் ஒரு பத்தி கொடுங்கள், சிறுவர் இணைப்புக்குத் தள்ளாதீர்கள். சாவு, பட்டினி, போர் வரும் படமென்றால் அதை ஒரு வரியில் சொல்லுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்று பெற்றோர் தீர்மானித்துக்கொள்வார்கள். பழைய படத்தை மறைந்தவர்களுக்கான அஞ்சலியில் மட்டும் நினைக்காதீர்கள். கடைசியாக, ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் படத்தின் நீளத்தையும் சப்டைட்டில் உண்டா என்பதையும் போடுங்கள். என்னைப்போல் காது கேளாத வாசகர்களுக்கு அதுதான் முதல் தேவை. இடம் போதவில்லை என்றால் மதிப்பெண் நட்சத்திரங்களை எடுத்துவிடலாம். எல்லாப் படத்துக்கும் மூன்றுதான் போடுகிறீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி