தையில் வா, இலை உதிர்வதைக் காட்டுகிறேன்

செங்கோட்டை
ஐப்பசி 22

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படங்களும் வந்துவிட்டன. அந்த மேப்பிள் மரங்களை இவரும் அத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மரம் முழுக்கப் பூவா இது?" என்று கேட்டார். இலைதான் என்று சொன்னால் நம்பவில்லை. பேத்தி உன் கையைப் பிடித்துக்கொண்டு இலைக் குவியலில் நிற்கிற படத்தை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர், எங்கள் அண்ணன், போன பிறகு நீ வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த படம் அதுதான். மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் கடிதத்தில் நீ எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் அப்படியே விட எனக்கு மனசில்லை. நம் ஊரில் இலை நிறம் மாறி உதிர்கிற இப்படி ஒரு பருவமே கிடையாது, வெயில் இல்லாவிட்டால் மழை, அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாய். ஏட்டி, நீ ஊரை விட்டுப் போனது ஆனி மாதம். கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வர, வெயிலும் சாரலும் ஒன்றாக விழுகிற நேரம். குற்றாலத்துக்கு ஊர் உலகமெல்லாம் திரண்டு வருகிற சீசனும் அதுதான். அந்தக் கூட்டம் கலைந்த பிறகு வருகிற ஐப்பசியும் கார்த்திகையும்தான் நமக்கே நமக்கென்று கிடைக்கிற மாதங்கள் என்று நான் நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் சொல்கிறேன், கேள்.

மழை இப்போது திசை மாறிவிட்டது. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைப்பதற்குள் கிழக்கே கருக்கிக்கொண்டு வருகிறது. மூன்று மணிக்கு மேல் இடி. அந்த இடி மலையில் மோதித் திரும்பி வருகிற சத்தம் உனக்கு மறந்திருக்காது. ராத்திரி முழுக்கப் பெய்தால் மறுநாள் பெரிய அருவியில் செந்தண்ணீர் விழுகிறது, குளிக்கத் தடை போட்டுவிடுகிறார்கள். போன வாரம் நானும் இவரும் ஐந்தருவிச் சாலையில் சும்மா நடந்து போனோம். கடைகள் பாதி மூடியிருந்தன. மலை அலம்பிவிட்ட மாதிரி அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது. இவருக்குக் கண்புரை எடுத்த பிறகு தூரத்துப் பாறைகளெல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றனவாம். அங்கே பார், இங்கே பார் என்று வழியெல்லாம் காட்டிக்கொண்டே வந்தார். முப்பது வருஷமாக நான் காட்டி அவர் தலையாட்டிய மலை அது. இப்போது அவர் காட்ட நான் பார்க்கிறேன். எனக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத்தான் புரியும்.

அப்புறம் வயல். கார் போக அறுவடை முடிந்து பிசானப் போகத்துக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது. எங்களுக்கு இந்தத் தடவையும் அம்பை 16 நெல்தான். குளத்தில் தண்ணீர் முக்கால்வாசி இருப்பதால் யார் முகத்திலும் கவலை இல்லை. நடுவதற்குப் பெண்கள் கிடைப்பதுதான் பெரிய பாடு, பலரும் இயந்திர நடவுக்குப் போய்விட்டார்கள். தொழி அடித்துச் சேறாக்கிய வயலில் கொக்கும் நாரையும் நிற்கின்றன. வரப்பில் வாலாட்டிக் குருவி வந்துவிட்டது. வடக்கே குளிர் ஆரம்பித்ததும் கிளம்பி வருகிற சின்னஞ்சிறு பறவை, வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும், நினைவிருக்கிறதா? சுரண்டைப் பக்கம் போனால் ஆடியில் வெறிபிடித்துச் சுற்றிய காற்றாலைகள் இப்போது பேசாமல் நிற்கின்றன. வேலி ஓரமெல்லாம் செங்காந்தள். அது மலரும்போது மஞ்சளும் பச்சையுமாக இருந்து, நாளாக ஆக நுனியிலிருந்து அடிவரை சிவந்துகொண்டே போகும். நிறம் மாறுவது இலையில் நடந்தால்தானா?

இலை பற்றியும் சொல்கிறேன், நான் அறிவியல் டீச்சராக இருந்தவள் அல்லவா. உன் பேத்தி கேட்டாள் என்று எழுதியிருந்தாயே, இலை ஏன் சிவக்கிறது என்று. இப்படிச் சொல்லிப் பார். பகல் குறைந்து குளிர் வந்ததும் மரம் இலையிலிருக்கிற பச்சையத்தைப் பிரித்து, அதிலுள்ள சத்தைத் தன் உடம்புக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. பச்சை போனதும், அது மூடி வைத்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மஞ்சள் முன்பே இலையில் இருந்ததுதான். சிவப்பு அப்படி இல்லை, உதிரப்போகிற நேரத்தில் இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. போகிற நேரத்தில் எதற்கு இந்த வேலை என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இலஞ்சியில் உன் வீட்டுப் பின்வாசலில் நிற்கிற வாதாமரத்தை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாய்! சனிக்கிழமைதோறும் வீட்டைத் திறந்து காற்றாட விடப் போகிறேன். இப்போதே அங்கங்கே ஒன்றிரண்டு இலை ரத்தச் சிவப்பாகிக் கிணற்றடியில் கிடக்கிறது. உள்ளங்கையை விடப் பெரிய இலை, நரம்பு மட்டும் மஞ்சள். தையில் மரமே சிவந்து, நாலைந்து நாளில் கொட்டிவிடும், உடனே துளிர்க்கும். நாம் அதைக் குப்பை என்று கூட்டித் தள்ளினோம். அண்ணன்தான் கூட்டவிடாமல், "ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்பார். அவர் அதை அழகுக்காகச் சொன்னார் என்று இப்போது எனக்குப் படுகிறது. நல்லதாக நாலு இலை எடுத்துப் பழைய பஞ்சாங்கத்துக்குள் உனக்காக வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் விடப் பெரிய காட்சி ஒன்று மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மார்கழி கடைசியில் ஆரம்பித்துத் தை முழுக்கப் புனலூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இலை உதிரும். மலைச்சரிவு முழுவதும் மஞ்சள், காவி, செம்பு நிறம். மழை நின்று வறட்சி தொடங்கும்போது தண்ணீரை மிச்சம் பிடிக்க அந்த மரம் செய்கிற ஏற்பாடு. உன் ஊரில் குளிர் செய்கிற வேலையை இங்கே வறட்சி செய்கிறது. சில நாளில் மரங்கள் குச்சி குச்சியாக நிற்கும், அப்புறம் செம்பு நிறத்தில் துளிர் விடும். அந்தத் துளிர் வளரும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும், பூவில் இல்லை, இலையில்! ரப்பர் தேன் என்று விற்கிறார்களே, தேனீ பெரும்பாலும் அங்கிருந்து எடுப்பதுதான் அது.

புனலூரில் இருக்கிற என் தங்கையிடம் இதை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் வீட்டுக்காரர் பால்வெட்டுத் தொழிலாளி. இலை உதிர்ந்தால் வெட்டு நிற்கும், கூலியும் நிற்கும். வருஷா வருஷம் அந்த நாட்களுக்கென்று அவள் மழைக்காலத்திலேயே சீட்டுப் போட்டு வைப்பாள். போன வருஷம் நான் போயிருந்தபோது, வாசலில் உட்கார்ந்து சருகு விழுவதைப் பார்த்துக்கொண்டே, "இவுக வருஷத்துல இப்பத்தான்க்கா விடியுற வரைக்கும் தூங்குறாக" என்றாள். மற்ற நாளெல்லாம் அவர் இருட்டோடு டார்ச் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர். அவள் மருமகள் மலையாளப் பெண், தங்கமான குணம்.

அந்தப் பெண் இங்கே வந்தால் அத்தைக்குக் கொண்டாட்டம். அத்தைக்கு 84 ஆகிறது. காலையில் சாப்பிட்டது நினைவில்லை, ஆனால் திருவிதாங்கூர்க் காசுக் கணக்கு பிசகாமல் வருகிறது. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்று அந்தப் பெண்ணிடம் விரல் மடக்கிச் சொல்கிறார். முன்பு திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 அன்று அத்தைக்குப் பதினைந்து வயது. அதுவும் ஒரு ஐப்பசி மழைநாள் என்கிறார். தாலுகாவில் கிழக்குப் பகுதி இங்கே வந்தது, ஆரியங்காவுப் பக்கம் கேரளத்திலேயே நின்றது. அத்தையின் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். இப்போது அவர்களில் யாரும் இல்லை. அத்தைக்கு அது சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. தெரியாத நாட்களில் தன் அண்ணன் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பார். நான் மழை விட்டதும் வருவார் என்று சொல்லிவிடுவேன். அது பொய் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். மார்கழியில் அச்சன்கோவிலுக்குத் திருவாபரணப் பெட்டி புனலூரிலிருந்து நம் ஊர் வழியாகப் போகும்போது, அத்தையை நாற்காலியில் வைத்தாவது ரோட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

பையன் பெங்களூரில் நன்றாக இருக்கிறான். எங்களை அங்கே வரச் சொல்கிறான். அத்தை இருக்கிறவரை அந்தப் பேச்சே வேண்டாம் என்று இருவரும் முடிவாகச் சொல்லிவிட்டோம்.

இப்போது உன் வீட்டு விஷயம். விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் மகளும் மருமகனும் உன் நல்லதற்குத்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் இந்த வருஷம் வேண்டாம். அண்ணன் போய் ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. துக்கத்தில் இருக்கிறபோது எல்லாக் கதவையும் பூட்டிவிடத்தான் தோன்றும். என் அப்பா போனபோது அம்மா மூன்றே மாதத்தில் வீட்டைக் கொடுத்துவிட்டு, கடைசிவரை அந்தத் திண்ணையைச் சொல்லிச் சொல்லி ஏங்கினாள். உனக்கு அது வரக்கூடாது. நீ வந்து ஒரு மாதம் அந்த வீட்டில் சமைத்து, படுத்து, எழுந்து பார். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் நானே ஆள் பார்த்துத் தருகிறேன்.

வரும்போது சென்னைக்கு வராதே, திருவனந்தபுரத்துக்கே டிக்கெட் போடச் சொல். நானும் இவரும் வந்து கூட்டிக்கொள்கிறோம். தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, கொல்லத்திலிருந்து சென்னைக்குப் போகிற பகல் வண்டியில் புனலூரில் ஏறினால், தென்மலை, கழுதுருட்டி, பதிமூன்று கண் பாலம், குகை என்று எல்லாம் பார்த்துக்கொண்டே வரலாம். கல்லூரி நாட்களில் மீட்டர் கேஜ் வண்டியில் ஜன்னலுக்குச் சண்டை போட்ட அதே பாதைதான். 2010இல் நிறுத்தி, அகலப்பாதை போட்டு 2018இல் திரும்ப விட்ட பிறகு நீ அதில் ஏறவே இல்லை. இந்தத் தடவை ஜன்னல் உனக்கே. தை பத்துக்கு மேல் வந்தால் ரப்பர் இலை சரியாக இருக்கும்.

தேதியை மட்டும் சீக்கிரம் எழுது. உன் வீட்டு மெத்தை தலையணையெல்லாம் மழையில் ஈரம் கோத்துக் கிடக்கின்றன, நாலு நாள் நல்ல வெயிலில் போட்டு எடுக்க வேண்டும். மோட்டாரையும் ஆள் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பேத்திக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
உன் தோழி