புகார் சொல்ல ஒரு பெயர் வேண்டும்

ஆசிரியருக்கு,

பொது இடங்களில் புகைபிடிப்பதை மக்கள் கண்டுகொள்வதில்லை என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். அதனால் மக்களுக்குத் தடை பிடிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கேட்கப்போனால் வம்பு என்ற தயக்கம்தான். எங்கள் கடற்கரைப் பக்கத்துப் பேருந்து நிலையம் ஒன்றில் கருவாட்டுக் கூடையோடு முதல் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள், பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். வாய் திறக்க மாட்டார்கள். அவர் சொந்தக்காரராக இருப்பார், இல்லாவிட்டால் நாளைக்கு மீன் வாங்க வேண்டிய படகுக்காரராக இருப்பார், என்ன செய்வது? அங்குள்ள பெட்டிக்கடையில் லைட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நேர் மேலே ‘புகைபிடிக்காதீர்’ பலகை!

பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்க 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகள் 200 ரூபாய் வரையிலான அபராதத்தோடு நிற்கவில்லை. பொது இடத்தில் தீப்பெட்டி, லைட்டர் வைத்துக் கொடுக்கவே கூடாது. யாரிடம் புகார் சொல்வது என்ற பெயரை அந்த இடத்தின் பொறுப்பாளர் எழுதிவைக்க வேண்டும். புகார் வந்தும் சும்மா இருந்தால் அவருக்கும் அபராதம் உண்டு. திறந்தவெளிதானே என்ற சாக்கு பேருந்து நிலையத்துக்குச் செல்லாது. நான் பார்த்த பலகைகளில் அந்தப் பெயர் மட்டும் இல்லை. சரி, புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை பேருந்து நிலையங்களில் பொறுப்பாளரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
மண்டபம்